டோக்கன் நாற்பத்தொன்று

தக்கலை சார்பதிவாளர் அலுவலகத்தில்
சர்வர் படுத்துவிட்டது.
"மத்தியானம் ஆவும், எங்கயாவது போயிட்டு வாங்க"
என்றார் பத்திர எழுத்தர் சோபனராஜ்,
எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு மாதமாக வக்கீல் வாயால் மட்டும் பேசிக்கொண்ட
அண்ணனும் நானும்
ஒரே பைக்கில் ஏறினோம்.
நடுவில் மூலப்பத்திரப் பை
மூன்றாம் ஆள்போல் உட்கார்ந்து வந்தது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை.
சாத்திய கதவை ஒரு கை தள்ளிப் பார்த்துவிட்டு
"ராஜா வீட்டில இல்ல" என்றான்.
சிரிப்பு வந்தது.
சிரிக்கவில்லை.

அப்புறம் புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டை.
கவுண்டரில் இரண்டு விரல் காட்டி
என் சீட்டையும் அவனே எடுத்தான்.

தொண்ணூறு ஏக்கரைச் சுற்றிக் கருங்கல்.
அவனுக்கு அதுவும் சென்ட்தான்.
"ஒம்பதாயிரம் சென்ட், கேட்டியா."
எங்களுடையது பதினொன்று.
அதில் ஒன்றேகால் வழிக்குப் போகிறது.
வழியோரத்து அயனிமரம் யாருக்கு என்பதில்
அம்மாவின் நினைவுநாள் ஜெபம்
இரண்டு வீட்டில், இரண்டு நேரத்தில் நடந்தது.
அன்றைக்கும் மரம்
இரண்டு பக்கமும் பழம் உதிர்த்துக்கொண்டிருந்தது.

சுவர் தேக்குகளுக்குள் ஏறி இறங்கிப் போகிறது.
பீரங்கிக்கு வாய் விட்ட ஓட்டையில்
இப்போது ஓர் அத்தி.
வேர் உள்ளே, இலை வெளியே.

கம்பிவலைக்குப் பின்னால் புள்ளிமான்கள்.
ஒன்று வந்து பையை மோந்தது.
"லேய், அது பத்திரம். தின்னாத."
வீட்டுக் கன்றுக்குட்டியை அதட்டும் அதே குரல்.
அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

நட்சத்திர மரங்கள் என்று ஒரு தோட்டம்.
நாளுக்கு ஒன்று, தகரப் பலகையில் பெயர்.
"நமக்கு எது, ஐடா?"
"நமக்கேது நட்சத்திரம்? ஞானஸ்நானச் சீட்டுதான்."
ஆனாலும் தேடினோம்.
எட்டி மரத்தடியில் நின்றுகொண்டான்.
"ஒனக்கு இதுதான். வேரிலிருந்தே கைப்பு."
இந்தத் தடவை அடக்க முடியவில்லை.

கூரை போன தேவாலயத்துக்குள்
டச்சுத் தளபதியின் கல்லறை.
தோற்றுப் பிடிபட்டு,
பிடித்தவனுக்கே படை பழக்கியவன்.
லத்தீனில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம்.
தமிழை எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கைவிட்டான் அண்ணன்.
குனிந்து, சாண் போட்டு நீளம் அளந்தான்.
என்ன வந்தது என்று சொல்லவில்லை.
பக்கத்தில் மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று.
"வழி விட்டுத்தான் வச்சிருக்கானுவ" என்றான்.

தூறல் விழுந்தது.
கூரையில்லாத கோயிலில் ஒதுங்குவது எங்கே?
நான்கு சுவரில் ஒன்றில் முதுகு சாய்த்து
கையைப் பின்னால் ஊன்றி நின்றோம்.
பாசி, ஈர நாக்குபோல.
அவன் கைபேசி அடித்தது.
"சர்வர் வந்துட்டாம்."

யாரும் முதலில் நகரவில்லை.

"ஒரு சாயா குடிச்சிட்டுப் போவமா?"
"டோக்கன் போயிரும்."
சொன்னது நான்தான்.

கையெழுத்து, போட்டோ எல்லாம் சரியாக வந்தது.
ரேகை எந்திரம் மட்டும்
என் பெருவிரலை ஏற்கவில்லை.
மூன்று தடவை சிவப்பு விளக்கு.
விரலைத் திருப்பிப் பார்த்தேன்:
கோட்டைச் சுவர் பச்சையாக
ஒவ்வொரு வரிக்குள்ளும் இறங்கியிருந்தது.
"தொடச்சிட்டு வையுங்கக்கா" என்றாள் ஆபரேட்டர் பெண்.

அண்ணன் கைக்குட்டையை நீட்டினான்.
உடனே வாங்கவில்லை நான்.
பின்னால்
நாற்பத்திரண்டு எழுந்து நின்றது.