அறுநூற்று நாற்பது கிலோ

ஷார்ஜா. ஜூலை. மதியம் இரண்டு பத்து.
நாற்பத்தேழு டிகிரி.
ரேடியோவில் கேப்டன் சொல்கிறார்,
அறுநூற்று நாற்பது கிலோ இறக்க வேண்டும்.

பளுக்கணக்கு எழுதுகிறவள் நான்.
யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை,
காற்று இளைத்துவிட்டது, அவ்வளவுதான்.
டிசம்பரில் ஒரு கன மீட்டர் காற்று
ஒரு கிலோ இருநூறு கிராம் சொச்சம்.
இன்று அதில் ஒரு சோப்புக்கட்டி குறைகிறது.
கடலிலிருந்து வரும் புழுக்கம் வேறு.
தோலுக்குத்தான் அது கனம்;
கணக்கில், ஈரக்காற்று உலர்ந்ததைவிட லேசு.
இதைச் சொன்னால்
சட்டையைப் பிழிந்து காட்டுகிறார்கள்.

இறக்கை மாயம் எதுவும் செய்வதில்லை.
எதிரே வரும் காற்றை வளைத்துக்
கீழே தள்ளுகிறது.
ஓடும் காரில் கையை வெளியே நீட்டிச்
சற்றே சாய்த்தவர்களுக்கு மீதி புரியும்.
தள்ளக் காற்று போதாவிட்டால்
இன்னும் வேகமாக ஓட வேண்டும்,
ஓட இன்னும் தரை வேண்டும்.
தரை தீருமிடத்தில் வேலி.

முன்பெல்லாம் சிறகு ஒட்டிக்கொண்டு
கோபுரங்களிலிருந்து குதித்தார்கள்.
பறவையிடம் அவர்கள் பார்த்தது படபடப்பை.
அசையாமல் வட்டமிடும் பருந்தைப் பார்க்க
பல நூறு வருடம் ஆயிற்று.
ஒருவர் சொந்தமாகக் குன்று ஒன்றைக் கட்டி
அதிலிருந்து மிதந்து பழகினார்.
பிறகு, வேறொரு மலையில், விழுந்தார்.
சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு பேர்
புத்தகத்து எண்கள் ஒத்துவராததால்
ஒரு பெட்டிக்குள் காற்றை ஊதி
தாங்களே அளந்தார்கள்.
திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும் என்பது
அவர்களுக்கு முன்பே தெரியும்.

இந்த ஊரில் விமானம் முதலில் ஓடிய தரை
இப்போது ஒரு தெரு.
அதனால்தான் அத்தனை நேர்.
லண்டனிலிருந்து கராச்சிக்குப் போனவர்கள்
ஓரிரவு அங்கே தூங்கினார்களாம்.
டியூட்டிக்கு வரும் வேன் தினமும் அதில்தான் ஓடுகிறது,
ஓட்டுகிறவர் ஷேர்பகதூர்.
எழும்பும் வேகம் வருவதற்குள்
சிக்னலில் சிவப்பு விழுந்துவிடும்.

ஒரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன்.
முன்விளிம்பில் பிரிகிற காற்று,
மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி,
பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேரும் என்று படித்தேன்.
சேர வேண்டும் என்பதற்காகவே
மேலே போனது அவசரப்படுகிறதாம்.
எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினேன்.
புகை விட்டுப் பார்த்தவர்கள் கண்டது வேறு:
மேலே போனது முந்திப் போய்விடுகிறது.
கீழே வந்தது அதைப் பிடிப்பதேயில்லை.
சேராததால் விமானம் விழுவதுமில்லை.
இது தெரிந்த அன்று ராத்திரி
மஸ்கட்டுக்கு போன் செய்ய எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

பின்கதவுக்குப் பக்கத்தில் இருப்பவை முதலில்.
இருபத்தொன்பது பெட்டி, ஒரு சைக்கிள்.
அட்டைப்பெட்டியில் மார்க்கர் எழுத்து:
நிறைமதி, துறையூர். மேல்பக்கம் இது.
"மேடம், பதிமூணு கிலோதான்,
இத மட்டும் விட்டுடலாமே" என்றான் லிங்கதுரை.
மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
பதிமூன்று கிலோவும் அதில் இருந்தது.

எழுந்து போன பிறகு
எழுபத்திரண்டு டன் எங்கே போகிறது?
இறக்கை காற்றிடம் கொடுக்கிறது,
காற்று தனக்குக் கீழுள்ள காற்றிடம்.
கடைசியில் தரைதான் வாங்கிக்கொள்கிறது,
மைல்கணக்கில் பரப்பி,
எந்த ஒட்டகத்தின் முதுகுக்கும் தெரியாமல்.
பறப்பதும் பூமியின் செலவில்தான்.

மூன்று மணிக்கு அது கிளம்பிப் போயிற்று.
வேலிக்கு நிறைய முன்பே எழுந்தது.
இரவு விமானத்தில் அனுப்பலாம்,
அதற்குள் காற்று கொஞ்சம் சதை போடும்.
டிராலியை ஷெட்டுக்குத் திருப்பினான் லிங்கதுரை.
கான்கிரீட் பலகைகளின் இணைப்பு ஒவ்வொன்றிலும்
அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து
ஒரு பெல் சத்தம்.