அரைக்கால்

ஹெல்வி முதலில் காட்டியது ஒரு வெற்று ஆணியை.
அதில் மாட்டியிருந்த தொப்பி
மூன்று வருடம் முன்பு பறந்துபோய்
இப்போது ஊர்மாஸின் உருளைக்கிழங்கு வயலில்
வெருளியின் தலையில் இருக்கிறதாம்.
"சாரெமா தீவில் காற்றுக்கா பஞ்சம்?
இதற்குமேல் என்ன சான்று?"

தொப்பி பறந்த நாளை எல்லோரும் சொல்வார்கள்.
பறக்காத நாட்களை
எவரும் ஆணியில் மாட்டி வைப்பதில்லை.

மீன் புகைக்கும் கொட்டகை,
இரண்டு குளிர் அறை,
கோடையில் மட்டும் ஆறு மேசை.
மாதம் ஆயிரத்து நானூறு யூனிட்.
பில்களை மாவு டப்பாவில் வைத்திருந்தாள்,
எடுத்துப் புரட்டிய என் விரலெல்லாம் வெள்ளை.

கூரைமேல் வைக்கலாம் என்று
விற்பவன் விலை எழுதிக் கொடுத்திருக்கிறான்.
ஏணி போட்டு ஏறி
ஒரு கழியில் நாடா கட்டிப் பிடித்தேன்.
கிழக்கே போனது, சுருண்டது,
என் முகத்தில் அறைந்தது, தொங்கியது.
முற்றத்தைச் சுற்றிப் பதினொரு ஸ்புரூஸ் மரங்கள்.
அவற்றில் இடறி விழுந்து எழுந்துதான்
காற்று இந்த ஓட்டுக்கு வருகிறது.
குடிகாரனை நம்பி மாவு அரைக்க முடியாது.

பிறகு வயலின் நடுவே பதினெட்டு மீட்டர் கம்பம்,
உச்சியில் மூன்று கிண்ணங்கள்.
அக்டோபரிலிருந்து அக்டோபர் வரை
பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
நவம்பர் கொட்டித் தீர்த்தது.
ஜனவரியில் கிண்ணங்களில் பனி உறைந்து
நான்கு நாள் பூஜ்யம்; அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
ஜூலை,
மேசைகள் நிறைந்து குளிர் அறைகள் அலறும் ஜூலை,
ஏறக்குறைய தூங்கியது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
என் பிழைப்பே அந்தப் 'போதே'
வருடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணுவது.

சராசரி, நொடிக்கு நான்கு மீட்டருக்கும் கொஞ்சம் கீழே.
விலைத்தாளில் போட்டிருந்தது பதினொன்று.
"சரி, பாதி வேகம் என்றே வைப்போம்,
பாதி மின்சாரம் வருமே?"
வராது ஹெல்வி.
வேகம் அரையானால்
கிடைப்பது அரைக்கால்.
எட்டில் ஒன்று.
பழைய தமிழில் கால் என்றாலே காற்று;
அரைக் காற்றுக்கு அரைக்கால் என்று
எவரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டதுபோல.
இதை அவளிடம் சொல்லவில்லை.
எஸ்தோனிய மொழியில் இது விளங்காது,
விளங்கினாலும் கடன் தவணை குறையாது.

கடல் முனையில் நல்ல காற்று இருக்கிறது.
அறுநூறு மீட்டர், சுண்ணாம்புப் பாறை.
கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் செலவு
காற்றாலை விலையைத் தாண்டியது.
ஒரு தாளில் இரண்டையும் அருகருகே எழுதினேன்.
அவள் தட்டை மீனொன்றைத் திருப்பிப் போட்டாள்,
ஜூனிப்பர் புகை எங்கள் நடுவே எழுந்தது.
"ஆக, வேண்டாம்."
"ஆமாம். வேண்டாம்."

கிளம்பும்போதுதான் பார்த்தேன்,
இரண்டாம் குளிர் அறைக் கதவோரம் உறைபனி.
மூடிய கதவின் இடுக்கில் பில் ஒன்றைச் செருகினேன்,
வெண்ணெயிலிருந்து கத்திபோல் வழுக்கி வெளியே வந்தது.
"இந்த ரப்பரை மாற்று.
நாற்பது யூரோ."
"ரப்பருக்கா ஒரு வருடம்?"
கோபம்தான். நியாயமான கோபம்.

கம்பத்தை இறக்க ஆள் அனுப்புகிறேன் என்றேன்.
விட்டுவிட்டுப் போ என்றாள்.
காலையில் அடுப்பு மூட்டுமுன் பார்க்கிறாளாம்:
மேற்கிலிருந்து இரண்டுக்குக் கீழே என்றால்
புகை நேரே
ஊர்மாஸின் கொடித் துணிக்குப் போகும்.
"அப்போது மூட்ட மாட்டாயா?"
"அவன் தொப்பியைத் தரட்டும்."

வண்டியைத் திருப்பும்போது வெருளியைப் பார்த்தேன்.
சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, சற்றே சாய்ந்து.
கண்ணாடியை இறக்கி
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
விளிம்புகூட அசையவில்லை.