செய்கூலி, சேதாரம்

தெற்காவணி மூல வீதியில் சந்துக்குள் சந்து,
மாடிப்படி ஏறினால் ஜெயபாரதியின் முலாம் பட்டறை.
எலுமிச்சை அளவில் இரண்டு பித்தளை உருண்டைகளை
மேசைமேல் வைத்தேன்.
ஒன்று பறக்க, ஒன்று மாற்றுக்கு.

"சாமி சப்பரத்துக்கா?"
ராக்கெட்டுக்கு என்றேன்.
சிரிக்கவில்லை. எடை போட்டாள்.

"நிக்கல் அடிச்சாத்தான் மினுக்கும்."
நிக்கல் வேண்டாம், மினுக்கவும் வேண்டாம்.
எங்கே தொட்டாலும் ஒரே தங்கமாக இருக்கணும்,
வந்து உட்காரும் எலக்ட்ரான் குறை கண்டுபிடிக்கும்.
"மாப்பிள்ளை வீட்டைவிட மோசம்.
எத்தனை நாள் போடுவாக?"
ஆறு நிமிஷம்.
"பொறகு?"
கடல்.
பில் புத்தகத்தில், சேதாரம் என்ற கட்டத்துக்கு மேல்
பேனா கொஞ்சம் நின்றது.

நூறு கிலோமீட்டர் என்பது
கிடத்திப் பார்த்தால் கோவில்பட்டி.
மாட்டுத்தாவணியில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும்.
நிமிர்த்திவிட்டால்
பலூன் எட்டாது,
செயற்கைக்கோள் இறங்கினால் எரிந்துபோகும்.
எதுவும் தங்காத அந்த உயரத்தை
ஏறும்போது ஒரு தரம், விழும்போது ஒரு தரம்
உரசிவிட்டு வரத்தான் இத்தனையும்:
நாகமலை அடிவாரத்து ஆய்வகத்தில்
வெற்றிடக் கலத்துக்குள் உப்பிச் செத்த மின்தேக்கி,
அதிர்வு மேசையில் கழன்று ஓடிய ஒற்றைத் திருகு,
அதைத் தேடி டார்ச்சோடு
தரையில் தவழ்ந்த பாண்டித்துரை.

உருண்டைகள் பஞ்சில் பொதிந்து வந்தன.
ஒன்றில் அவள் பெருவிரல் ரேகை.
ஆல்கஹாலில் துடைத்தேன். போயிற்று.
போயிற்று என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன்.

மாசியில் ஓர் இரவு.
தொண்ணூற்றேழாவது கிலோமீட்டரில்
கோடு துள்ளியது.
ஒரே ஒரு நொடி.
ரேகைதான், தொலைந்தேன் என்று
நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
இறங்கும்போது
அதே உயரத்தில்
மறுபடி துள்ளியது.

ரேகை இல்லை. இரும்பு.
எரிந்த விண்கற்கள் உதிர்த்தது,
யாரும் பார்க்காமல் மேலே விரிந்து கிடப்பது.

பாக்கிப் பணம் கொடுக்கப் போனபோது சொன்னேன்,
வானத்துக்கும் முலாம் இருக்கிறது.
"எத்தனை மைக்ரான்?"
அவளுடைய பில் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டுக் காட்டினேன்:
மதுரை மாவட்டம் மொத்தத்துக்கும் மேலே
வழித்து எடுத்தாலும்
நாலு பவுன் எடைதான் தேறும்.

தொட்டியில் தொங்கிய வளையல்களை
ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"அம்புட்டு மெல்லிசா
யாரு போட்டது?"