ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை

செவ்வாயன்று ரத்தம் கொடுத்தாயிற்று.
ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை.
நடுவிலிருக்கும் நாட்களை
லாட்ஜ் மின்விசிறிக்கடியில் என்ன செய்வதென்று தெரியாமல்
காந்தி ரோட்டில் என் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்
சிட்டகாங் துறைமுகத்துக்காரர் ஷஃபிகுல்.
'இங்கே பார்க்க என்ன இருக்கு?'
அவர் வங்காளத்தில் பாதி, நான் இந்தியில் கால்,
மிச்சத்தைக் கைகள் பேசிக்கொண்டன.

கடல் இல்லை என்றேன்.
ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை.
அகழியில் தண்ணீர் இருக்கிறது, இன்றைக்குப் படகு இல்லை.
அமிர்தியில் மான் இருக்கிறது.
போக வர ஒன்பது நூறு.
எழுநூறு என்றார்.
மான் குறையாது, காசு குறையலாம் என்று
எண்ணூறுக்கு ஒத்துக்கொண்டேன்.

நசீமா பின்னால் ஏறினார்,
ஸ்கேன், சீட்டு, பில் எல்லாம் திணித்த மஞ்சள் பையை
நெஞ்சோடு அணைத்தபடி.
அறையில் வைத்துவிட்டு வரலாமே என்றதற்குப் பதிலில்லை.

பாகாயம் தாண்டியதும் கம்பியில் ஒரு பனங்காடை.
சட்டென்று எழும்பி நீலத்தை விரித்தது.
'நிறுத்து!'
லாட்ஜ் ரசீதின் முதுகில் ஏதோ எழுதினார் ஷஃபிகுல்.
கணியம்பாடிக்குள் கரிச்சான், கொண்டலாத்தி;
வேலியோரம் செம்போத்து ஒன்று
கடன்காரனைக் கண்டவன் போல் புதருக்குள் நுழைந்தது.
ஒவ்வொன்றுக்கும் வண்டி நின்றது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.
இந்தக் கணக்கில் தொள்ளாயிரமே நியாயம்
என்று நினைத்துக்கொண்டேன்.

அருவி காய்ந்திருந்தது.
பாறையில் பழைய தண்ணீரின் வெள்ளைக் கோடு.
மான்கள் நிழலில் அசைபோட்டன.
முதலை செத்ததுபோல் கிடந்தது, அதுதான் அதன் வேலை.
நசீமா எதையும் பார்க்கவில்லை,
சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து
பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

குரங்கு வந்தது தெரியவில்லை.
போனதுதான் தெரிந்தது, பையோடு.

கத்தினோம். ஓடினோம். காவலாளி குச்சியை வீசினார்.
அது புளியமரத்தில் ஏறி நிதானமாகப் பையைக் கவிழ்த்தது.
பில்கள் பறந்தன. மாத்திரை அட்டையை
முகர்ந்து பார்த்து எறிந்தது.
பிறகு அந்தப் பெரிய கறுப்புப் படத்தை,
சிட்டகாங்கில் எடுத்த நெஞ்சுப் படத்தை,
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து
வெயிலுக்கு எதிரே
ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தது.

பார்த்தது. தலையைச் சொறிந்தது.
தலைகீழாகத் திருப்பி மறுபடி பார்த்தது.

முதலில் சிரித்தது நசீமாதான்.
முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காமல்
இருமல் வரச் சிரித்தார்.
மரத்தை நோக்கிக் கைகூப்பி ஏதோ கேட்டார்.
'டாக்டர், எத்தனை நாள் பத்தியம்?' என்றாராம்;
ஷஃபிகுல் எனக்குப் பெயர்த்துச் சொல்லும்போது
அவர் குரல் எங்கோ மாட்டிக்கொண்டது.

படம் விழுந்தது. மூலையில் நாலு பல்.

திரும்பும்போது கோட்டையோரம் நிறுத்தச் சொன்னார்கள்.
அகழிக் கல்லில் நீர்க்காகம்
சிறகைக் காயப்போட்டு நின்றது.
'இது எங்கள் ஊர்ப் பறவை' என்றார் நசீமா.
எங்கள் ஊருடையதும்தான், சொல்லவில்லை.
மஞ்சள் பை இப்போது என் முன்சீட்டில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில்
பதினொரு மணிவரை நின்றேன்.
காட்பாடிக்குச் சவாரி வந்தது, போய்விட்டேன்.

சீட்டுக்கடியில் அந்த ரசீது கிடைத்தது.
வங்காள எழுத்து, படிக்கத் தெரியாது,
வரிகளை எண்ணத் தெரியும். பதினொன்று.
பறவைக்காக நான் பிரேக் பிடித்தது பத்துமுறை.
மிச்சம் ஒன்று
குரங்காகக்கூட இருக்கலாம்.