மெய்ம்மறை

இந்த மேசை என்னுடையது.
லிம் கடற்கழிக் கரையில், திடலின் வாயிலில்,
இரவு ஒன்பதாகியும் சாயாத ஜூலை வெயிலில்
ஒரு காந்தத் துண்டு, ஒரு உருப்பெருக்கி,
மூன்று கேள்விகள்:
எந்தக் கல்லறை, எந்த நூற்றாண்டு, எந்தக் கரை.

நாளை போர். ஆயிரம் வருடப் பழைய போர்.
கவசம் பூண்ட எவரும்
இன்றே என்னைத் தாண்டியாக வேண்டும்.

முதலில் வந்தவன் தோலில் வந்தான்.
கருந்தோல், எண்ணெய்ப் பளபளப்பு, மார்பில் கழுகு.
எந்தக் கல்லறை, என்றேன்.
தோல் மக்கியிருக்கும், அதனால்தான் கிடைக்கவில்லை, என்றான்.
கிடைக்காததெல்லாம் இருந்ததற்குச் சாட்சி என்றால்
நான் கொம்பு முளைத்த குதிரையில் வந்திருப்பேன்.
கழற்றி வண்டியில் வை, தம்பி.

அடுத்தவனின் வளையச் சட்டை
மீன்வலை போலக் கைக்குக் கனமே இல்லை.
காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.
அலுமினியம்.
அவனும் குனிந்து அதைத்தான் பார்த்தான்,
விழுந்த காந்தத்தை,
அது ஏதோ தவறு செய்துவிட்டது போல.

வில்லாட்ஸ் வந்தபோது மேசை முனகியது.
நான்கு குளிர்காலம், இருபத்தாறாயிரம் வளையம்;
ஒவ்வொன்றும் நான்கைப் பிடித்திருக்க,
ஒரு வரிசை முழுவளையம், மறு வரிசை தறைந்தது.
ஆணித்தலைகள் எள்ளைவிடச் சிறியவை.
இடது அக்குளில் மட்டும் நிறம் மாறியது:
ஒரு முக்கோணம், புது இரும்பு.
இது?
வில்லாட்ஸ் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.
போன டிசம்பரில் தடித்துவிட்டேன்.
சரி. அவர்களும் தடித்திருப்பார்கள்.
போ.

கடைசியாக ஹில்லெவி.
ஸ்கோனாவிலிருந்து இரண்டு படகு மாறி வந்தவள்.
சாயம் ஏறாத கம்பளிச் சட்டை,
எலுமிச்சைப் பலகைக் கேடயம், ஒரு ஈட்டி.
கவசம் எங்கே?
இல்லை. என் ஆளுக்கு ஒரு பசு இருக்கிறது,
அண்ணனோடு பங்கில் பாதி வலை இருக்கிறது.
இரும்புச் சட்டைக்கு எங்கே போவான்?

திரும்பித் திடலைப் பார்த்தேன்.
கூடாரம் கூடாரமாக முந்நூறு பிரபுக்கள்,
இளவரசன் கல்லறையின் நகலைத் தலையில் கவிழ்த்து
பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுக்கு உழுது போட்டவன் எவன்?

ஆனாலும் விதி பதினான்கு இருக்கிறது:
தலைக்கவசமும் திணித்த கையுறையும் இன்றி
யாரும் வரிசையில் நிற்கலாகாது.
இரவல் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.
உள்ளே பொன்முலாம் புருவம் வைத்த தலைக்கவசம்.
அவள் தொடவில்லை.

அப்படியானால் செத்துக் கிடக்கிறேன், என்றாள்.
போர் தொடங்கும் முன்பே.
முதல் அம்பில் போனவன். அதற்கு விதி உண்டா?

நாற்பது பக்கத்தையும் புரட்டினேன்.
இல்லை.

மறுநாள் இரண்டு போரிலும் அவள் செத்துக் கிடந்தாள்,
கயிற்றுக்கு அருகில், குப்புற.
வளையச் சட்டைகள் கலகலவென்று அவளைத் தாண்டின.
இரும்பு மெய்யை மறைக்கிறது;
எந்த மெய்யை என்பது
என் மூன்று கேள்விகளில் இல்லை.
ஒரு சிறுவன் அப்பாவிடம் சத்தமாகக் கேட்டான்,
அந்த அக்கா ஏன் விளையாடவில்லை?
அப்பா கைப்பேசியை வில்லாட்ஸ் பக்கம் திருப்பினார்.

நானும் யோக்கியன் இல்லை.
என் கம்பளித் தொப்பிக்குள் காதுக்கருவி இருக்கிறது.
கேடயம் உடையும் ஓசையை
பத்தாம் நூற்றாண்டில் எனக்குக் கேட்டிருக்காது.
யாரும் என்னைச் சோதிப்பதில்லை.

சாயங்காலம் மணல் நிரப்பிய பீப்பாயில்
சட்டைகளைப் போட்டு உருட்டினார்கள், துரு போக.
ஹில்லெவி மேசைக்கு வந்து
கம்பு ரொட்டிமேல் ஊறிய ஹெர்ரிங் மீன் கேட்டாள்.
அவள் கன்னத்தில் புல் பதிந்திருந்தது,
ஒவ்வொரு இதழும் தனித்தனியாக,
ஓர் எறும்புக் கடியும்.

உருப்பெருக்கியை எடுத்தேன்,
பழக்கத்தில்.
பிறகு பையில் போட்டுவிட்டு
ரொட்டியை வெட்டினேன்.