கூடுதல் நடை

சேன்-பெனுவாவிலிருந்து சேன்-தெனிக்கு
நாளைக்கு நாலு நடை ஓட்டுகிறேன்.
போகும்போது வலப்பக்கம் கடல்,
வரும்போது இடப்பக்கம்.
பதினெட்டு வருஷமாக அதே கடல்.

இன்று லீவு.
பெல்பியேர் ஆஸ்பத்திரியின் விளக்கணைத்த அறையில்
சொலேனின் மார்பில் பசை தடவுகிறார்கள்.
சில்லென்றிருக்கிறது என்று சிரிக்கிறாள்.
அவளுக்குச் சில்லென்று எதுவுமே ஆகாது.
பால்மிஸ்த் மேட்டுக்குப் பள்ளியோடு சுற்றுலா போன ராத்திரி
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை கத்தியவள்.

திரையில் ஒரு சாம்பல்நிற மீன்
வாயைத் திறந்து மூடுகிறது,
திறந்து மூடுகிறது.

"இடது அறை பெரிதாகியிருக்கிறது," என்றார் டாக்டர் ஓவாரோ.
"இங்கே கசிகிற வேகம் இரண்டு புள்ளி ஆறு.
பயப்பட வேண்டாம். ஆனால் மறக்கவும் வேண்டாம்."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நானும் அவளும் ஒரே பெஞ்சு.
பெரிய மனசு என்றால்
நல்லது என்றுதான் சொல்லித்தந்தார்கள்.

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன்.
பேனாவை எடுத்தார், படம் போடாமல் கீழே வைத்தார்.
"நீங்கள் டிரைவர்தானே?
பஸ்ஸில் பாதி சீட்டு உடைந்துபோச்சு.
அதே ஜனம் காத்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

கூடுதல் நடை அடிப்பேன்.

"அதைத்தான் இதுவும் செய்கிறது.
ஒன்பது வருஷமாக."

அரிவாள் அணு என்று
வாத்தியார் மொழிபெயர்த்திருந்தார் நோயின் பெயரை.
இங்கே கரும்பு வெட்டிய கத்தி நேரானது, ஐயா,
வளைந்ததெல்லாம் முதுகு
என்று சொல்ல நினைத்து
குறித்துக்கொண்டேன்.

பாதி என்னிடமிருந்து, பாதி ஓடிலிடமிருந்து.
எங்களுக்குச் சேர்த்துப் பார்த்தாலும்
நாலு காய்ச்சல் தேறாது.
கறுப்புப் பெண்ணைக் கட்டினாயே, பொருத்தம் பார்த்தாயா என்று
அத்தை இன்னமும் கேட்கிறாள்.
பார்த்திருந்தாலும், அத்தை,
அந்தப் பத்தில் ரத்தம் இல்லை.

மாதம் ஒரு பை ஏறுகிறது அவளுக்கு.
அன்று சாயங்காலம் மாடிப்படியில் நிற்கமாட்டாள்,
உதடு சிவந்திருக்கும், சண்டை போடுவாள்.
கொடுத்தது யார் என்று சொல்லமாட்டார்கள்.

அதனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.
ப்ரா-பனோனில் ஏறும் வனிலா மூட்டைக்காரி.
சில்லறையை மூன்றுமுறை எண்ணும் கொமோர்க்காரர்.
காதில் பாட்டோடு, முழங்கை மடிப்பில்
பஞ்சு ஒட்டிய ஒரு பையன்.
யாரையும் கேட்டதில்லை.
கதவை மட்டும்
கொஞ்சநேரம் கூடத் திறந்துவைக்கிறேன்.

திரும்பும்போது திமித்ரியின் வண்டி.
நாங்கள் பயணிகள்.
இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள்.
அவன் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல்
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இதயம் எப்போ தூங்கும்?"

ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்,
ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி,
என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

என் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்து
எண்ணு என்றாள்.
எண்ணினேன்.
நிற்கிறது, உண்மைதான்,
ஆள் இறங்கக்கூட நேரமில்லாத நிறுத்தம்.

சேன்ட்-சுசான் வருவதற்குள்
எண்ணிக்கை தப்பிவிட்டது.
அவள் தூங்கிவிட்டாள்.
கையை எடுக்கவில்லை.