முந்நூற்று அறுபத்தாறு

ஓமஹாவில், சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே
என் வரிக்கடை. பிப்ரவரி.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ஒரு பூட்ஸ் பெட்டியோடு வந்தார் யாவோவி அமேகா.
இறைச்சி ஆலையின் குளிர் இன்னும் அவர் விரல்களில்.

பெட்டி நிறைய ரசீதுகள்.
கல்லூரிக் கட்டணம் இரண்டு தவணை,
மூக்குக்கண்ணாடி நானூற்று எண்பது டாலர்,
பல் பிடுங்கியது, பஸ் பாஸ்,
மழையில் நனைந்து எதற்கென்றே தெரியாமல் போன ஒன்று.

"தங்கை மகள். எஸ்ஸேனாம். ஊர் லோமே.
என் வீட்டுக் கீழ்த்தளத்தில் தூங்குகிறாள்,
என் சோற்றைத் தின்கிறாள்.
என்னைச் சார்ந்தவள் என்று எழுதுங்கள்."

எழுதப் போன கை நின்றது.
"என்ன விசா?"
"படிப்பு விசா."
"வந்து எத்தனை நாள்?"
"முந்தின வருஷம் ஆகஸ்டில் வந்தாள்.
அன்றிலிருந்து
ஒரு நாள் இந்த நாட்டை விட்டு நகரவில்லை."

இதைச் சொல்ல நல்ல வாக்கியம் ஒன்று
இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கிடைக்கவில்லை.
படிக்க வந்தவர்களின் நாட்களை
முதல் ஐந்து ஆண்டுகள்
சட்டம் எண்ணுவதில்லை.
இருக்கிறாள்,
ஆனால் இருந்ததாகக் கணக்கில்லை.

சிரித்துவிட்டார்.
"அப்போ என் வீட்டில் அரிசி குறைவது எலியாலா?"

காலையில்தான் ரெஃபூகியோவின் படிவத்தில்
அவன் அம்மாவின் பெயரை ஏற்றியிருந்தேன்.
துராங்கோவில் இருக்கிறாள்.
எல்லையை ஒருநாளும் தாண்டியதில்லை.
மெக்சிகோவுக்குச் சட்டத்தில் ஒரு வரி உண்டு.
டோகோவுக்கு அந்த வரி இல்லை;
இவருக்கு வரி மட்டும் உண்டு.
இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"போனால் ஐந்நூறு டாலர்தானே" என்றேன்.
"ஐந்நூறு டாலர்" என்றார்,
என்னுடைய 'தானே'யை மேசையிலேயே விட்டுவிட்டு.

காரில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிடச் சொன்னேன்.
அவளுக்கும் ஒரு படிவம் இருக்கிறது.
ஒரு காசு சம்பாதிக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும்:
எண்ணக்கூடாத நாட்களை
எண்ணிக் கொடுக்கும் படிவம்.

சென்ற ஆண்டு இங்கே இருந்த நாட்கள்?
கை பழக்கத்தில் 365 என்று போட்டேன்.
அவற்றில் விலக்க வேண்டியவை?
365.

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு
குனிந்து பார்த்தாள்.
"தப்பு. போனது லீப் வருஷம்."

"ஒரு நாள்தான், பரவாயில்லை…"

"பிப்ரவரி இருபத்தொன்பது.
மாமாவுக்கு டபுள் ஷிஃப்ட்.
நான் சாவியைத் தொலைத்துவிட்டு
வாசல்படியிலேயே இருந்தேன், ராத்திரி ஒரு மணிவரை.
அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அமேகா ரசீதுகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்,
நனைந்ததை மேலே வைத்து.

நான் ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன்.
கீழ்க் கட்டத்திலும்.